கிறிஸ்துமஸை நிறுத்திவிடலாமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 42 வயது, மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். கணவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர், நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அம்மா வழி கத்தோலிக்கர், அப்பா வழி முருக பக்தர்கள். அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு மாதா கோவில் பூசையும் உண்டு, காவடியும் உண்டு. வாழ்க்கைப்பட்டது காவடி எடுக்கிற வீட்டில்.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அவர் ஜோன் ஃப்ரான்ஷ் என்கிற ஏற்றுமதி மண்டலத் தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் இருந்தவரை கிறிஸ்துமஸ் என்றால் சவுக்குக் கிளை, வீட்டில் செய்த கேக், நள்ளிரவுப் பூசை, ஆளுக்கு ஒரு புது உடுப்பு, அவ்வளவுதான். இப்போது நவம்பரிலேயே பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி என்று ஆரம்பித்துவிடுகிறது. போன வருஷம் போனஸ் வந்த வேகத்தில் போயிற்று, டிவியும் தவணையில் வாங்கினோம். பிரான்ஸிலிருந்து நாத்தனார் இரண்டு பெட்டி நிறையப் பரிசோடு வருகிறார், நாங்களும் ஈடாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 15 வயது மகன் கேட்கிற போன் என் ஒரு மாதச் சம்பளம். மகளுக்கு 9 வயது, அவள் பட்டியல் தனி. மாமியார் “இது நம்ம பண்டிகையே இல்லை” என்கிறார், பரிசை மட்டும் வாங்கிக்கொள்கிறார். ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவுக்குக் கைமாற்று வாங்கிக்கொண்டு, உடனேயே காவடி விரதமும் இருக்கும்போது வேஷம் போடுகிற மாதிரி எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த வருஷம் கிறிஸ்துமஸையே நிறுத்திவிடலாமா?

பதில்:

சகோதரி, நிறுத்தாதீர்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிறுத்தினால் நாத்தனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராமல் இருக்கப் போவதில்லை, மாலில் பாட்டு நிற்கப் போவதில்லை, பையன் போனை மறக்கப் போவதில்லை. நஷ்டம் உங்கள் ஒன்பது வயது மகளுக்கு மட்டும்தான். அப்புறம் உங்களுக்கு. அம்மாவை நினைத்துக்கொள்ள வருஷத்தில் இருக்கிற ஒரு நல்ல ராத்திரியை நீங்களே அடைத்துப் பூட்டிவிட்டு, இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் வீட்டில் எல்லோர் மேலேயும் எரிந்து விழுந்துகொண்டிருப்பீர்கள். கொள்கைக்காக நிறுத்தினோம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

எரித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1951 டிசம்பர் 23ஆம் தேதி பிரான்ஸில் திஜோன் நகரத்துக் கதீட்ரல் வாசலில் பெர் நொயேலின், அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவின், உருவ பொம்மையை வேலிக் கம்பியில் தொங்கவிட்டு, ஞாயிறு மறைக்கல்விக்கு வருகிற பிள்ளைகள் கண்ணெதிரே கொளுத்தினார்கள். குழந்தை இயேசுவின் இடத்தை இந்தத் தாடிக்காரர் பிடித்துக்கொண்டார், வியாபாரம் பண்டிகையைத் தின்கிறது என்று அங்கிருந்த குருக்கள் சிலருக்குக் கோபம். நீங்கள் எழுதியிருக்கிற அதே கோபம்தான், எழுபது வருஷத்துக்கு மேல் பழையது. என்ன நடந்தது? மறுநாள் சாயங்காலமே நகராட்சிக் கட்டடத்துக் கூரை மேல் பெர் நொயேல் உயிரோடு வந்து நின்று கையசைத்தார், கீழே கூட்டம். எதிர்த்து எரித்ததில் அவருக்குப் பேர் கூடியதுதான் மிச்சம். அதனால் மாமியாரோ வேறு யாரோ “எல்லாத்தையும் விட்டுத் தொலை” என்றால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் அம்மாவின் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கடிதத்தில் “அவ்வளவுதான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை. அம்மா ஃபேக்டரியில் இருந்தவர் என்கிறீர்கள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, எண்பதுகளில் இந்தத் தீவு கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியில் உலகத்தில் முன்வரிசையில் நின்றது, அந்த மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இங்கே நாம் வியர்த்துக்கொண்டிருக்கிறபோது அவர்கள் தைத்த ஸ்வெட்டர்கள் எந்த ஊர் குளிருக்குப் போயின, எந்தக் கடைகளில் யார் யாருக்குப் பரிசாக விற்றன என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு நிறைய வாங்கியதால்தான் உங்கள் அம்மாவுக்கு ஓவர்டைம் இருந்தது, ஓவர்டைம் இருந்ததால்தான் உங்களுக்கு அந்த ஒரு புது உடுப்பு வந்தது. அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸுக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாம் நினைப்பது நம் குழந்தைப் பருவக் கண்ணின் வேலை. குழந்தைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கேக் வாசனை மட்டும் தெரியும்.

இதைச் சொல்வது உங்கள் நினைவைக் கெடுப்பதற்காக இல்லை. எது நிஜமாகவே மாறியது என்று பிரித்துப் பார்க்கத்தான். வாங்குவது அப்போதும் உண்டு. ஆனால் உங்கள் அம்மா டிசம்பர் முழுக்க எதையோ செய்துகொண்டே இருந்தார். பெயிண்ட் டப்பாவில் மணலும் கல்லும் போட்டு அதில் சவுக்குக் கிளையை ஆடாமல் நிறுத்துவது ஒரு வேலை. அது இரண்டு நாளில் உதிர ஆரம்பிக்கும், பெருக்க வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டுவார்கள், வெளியே முப்பது டிகிரி வெயில், உள்ளே பனி! கேக்குக்கு உலர்பழம் ஊறப்போட வேண்டும், திரைச்சீலை துவைக்க வேண்டும், குடிலுக்கு வைக்கோல் தேட வேண்டும், பூசைக்கு முன்னால் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போக வேண்டும். இதெல்லாம் இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில். அந்த டிசம்பரில் கடைக்காரனுக்கு நுழைய இடமே இல்லை, ஏனென்றால் நாட்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன.

உங்கள் டிசம்பரோ நான்கு வாரமும் காலி. காலியாக இருக்கிற இடத்தில் யாராவது வந்து கடை போடத்தான் செய்வார்கள். தேதியைப் பாருங்கள்: கிறிஸ்துமஸுக்குத் தயாராகிற திருவருகைக் காலத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு முந்தின நான்காம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் விழும். பிளாக் ஃப்ரைடேயும் அதே சமயம், அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் முடிந்த மறுநாள். 2025இல் ஒன்று நவம்பர் 28, இன்னொன்று 30. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பேர் உங்களைத் தயாராகச் சொல்கிறார்கள். ஒருவர் ஊதா நிறப் பூசை உடுப்புப் போட்டுக்கொண்டு மெல்லச் சொல்கிறார், இன்னொருவர் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார். யார் சொன்னது கேட்டது என்று உங்களுக்கே தெரியும்.

முன்னாளில் அந்த வாரங்கள் நோன்பு வாரங்கள் என்பது இப்போது கத்தோலிக்கர் பலருக்கே மறந்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் பக்கம் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருக்க வேண்டும் என்று ஆயர்கள் விதி வைத்தார்கள். கிழக்குத் திருச்சபைகளில் 40 நாள் நோன்பு இன்றும் இருக்கிறது. பசித்திருந்து வந்த விருந்துதான் கிறிஸ்துமஸ். இப்போது நாம் நவம்பர் கடைசியிலிருந்தே விருந்தில் இருக்கிறோம், இருபத்தைந்தாம் தேதி வரும்போது வயிறும் பணப்பையும் ஒருசேரக் கெட்டுப்போய் இருக்கின்றன.

இதை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை, சகோதரி, நீங்கள் காவடி வீட்டு மருமகள். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? கறிச் சட்டி, மீன் சட்டி எல்லாம் தேய்த்து ஒதுக்குப்புறமாகப் போகும், ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைப்பார்கள், யாராவது ஒருத்தர் கடைசி சாசேஜை நின்றபடியே தின்று முடிப்பார், அதற்கப்புறம் பத்து நாள் வீட்டுக்குள்ளே சத்தம்கூடக் குறைந்துவிடும். பாய் கீழே வரும். கணவர் ஹோட்டலில் நாள் முழுக்க இறைச்சி வெட்டிவிட்டு வந்தாலும் வீட்டுக்குள் நுழையும் முன் குளித்துவிட்டுத்தான் நுழைவார். மூங்கிலை வளைப்பது, தென்னங்குருத்துப் பின்னுவது, பூ கோப்பது, பால் செம்பைத் துலக்குவது, அப்புறம் அந்த வெயிலில் நடை, கடைசியில் வாழையிலையில் ஏழு கறி. அந்த ஏழு கறிக்கு இருக்கிற ருசி சமையல்காரர் கைப்பக்குவம் மட்டுமா? பத்து நாள் காத்திருந்த நாக்கு அது. காவடிக்கும் கடைகள் உண்டு, துணி விற்கிறார்கள், சாமான் விற்கிறார்கள், யாரும் அதை வியாபாரமாகிவிட்டது என்று என்னிடம் வந்து அழுவதில்லை. முன்னால் இருக்கிற பத்து நாள் அந்தப் பண்டிகையைக் காவல் காக்கிறது.

நீங்கள் வேஷம் போடுகிறவர் இல்லை. டிசம்பரில் விருந்து, தையில் விரதம் என்று இருப்பதில் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை. விரதத்தை வைத்துக் கொண்டாடத் தெரிந்த வீட்டில் ஒரு பண்டிகைக்கு மட்டும் விரதம் இல்லாமல் போய்விட்டது, அதுதான் உங்களைக் குத்துகிறது என்று நினைக்கிறேன். கடன் வாங்கியது தனிக் கணக்கு, அதற்குக் கீழே வருகிறேன்.

சரி, இந்த வருஷம் என்ன செய்வது? திருவருகையின் முதல் ஞாயிறிலிருந்து ஆரம்பியுங்கள். அன்றைக்குக் கேக்குக்குப் பழம் ஊறட்டும், அதை மகள் செய்யட்டும், அளவு கொஞ்சம் தப்பினால் தப்பட்டும். குடில் கட்டுவதை மகன் தலையில் கட்டுங்கள். 1223இல் புனித பிரான்சிஸ் கிரேச்சோ என்ற சின்ன ஊரில் முதல் குடிலை வைத்தபோது அவருக்கு வேண்டியிருந்தது வைக்கோல் போட்ட ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. பையன் அட்டைப் பெட்டியில் கட்டினாலும் சரி, விளக்கு வயரிங் பண்ணி அலட்டினாலும் சரி, அவன் கை அதில் பட வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்குப் பிரசங்கம் ஏறாது, வேலை ஏறும். அந்த நான்கு வாரமும் வெள்ளிக்கிழமை கறி இல்லை என்று வையுங்கள், உங்கள் மாமியாருக்குச் சந்தோஷமாக இருக்கும், எந்தச் சாமிக்கு என்று கேட்க மாட்டார். சவுக்குக் கிளைக்கு யாருடைய முற்றத்திலாவது கேட்டு வாங்குங்கள், கடற்கரை மரத்தில் கை வைக்க வேண்டாம். இருபத்து நான்காம் தேதி நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கோவிலுக்கே பூசைக்குப் போங்கள், கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி மனநிம்மதி போய்விடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அம்மா செய்ததை எல்லாம் நீங்கள் ஒருத்தியாகச் செய்ய நினைக்காதீர்கள். அந்த அழகான டிசம்பருக்குக் கூலியில்லாத ஓர் ஆள் இருந்தார், அது உங்கள் அம்மா. அவர் தூங்கினாரா என்று நமக்குத் தெரியாது. சித்தியோ பெரியம்மாவோ இருந்தால் போய்க் கேளுங்கள், “அம்மாவுக்கு அந்த வேலையெல்லாம் பிடிச்சுத்தான் செஞ்சாங்களா?” என்று. வருகிற பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாமல் போகலாம், ஆனால் கேட்பது நல்லது. உங்கள் கடிதத்தில் பிளாக் ஃப்ரைடே பற்றி எழுதிய வரிகளில் கோபம் இருந்தது, அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் எழுத்து சின்னதாகிப்போயிற்று. விற்பனைக் கூச்சலை வெறுப்பதில் கொஞ்சம் துக்கமும் கலந்திருக்கிறது. துக்கத்தைத் துக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைக்கு ஒரு நாள் பிள்ளைகளோடு போய் வாருங்கள், டிசம்பரிலேயே.

பணம். நான் குடும்ப ஆலோசனை பார்க்கிறவள், வங்கிக்காரி இல்லை, ஆனால் என் அறையில் கூட்டம் சேர்வது ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான், அதனால் இதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு. போனஸ் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: வருஷ வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதில் 75 சதவீதம் டிசம்பர் 25க்கு ஐந்து வேலை நாள் முன்னாலேயே வர வேண்டும், மீதி வருஷத்தின் கடைசி வேலை நாளுக்குள். சட்டமே இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது, நாம்தான் ஒன்றாகச் சேர்த்து ஒரே சனிக்கிழமையில் விடுகிறோம். உங்களுக்கு நான் சொல்வது தலைகீழ்க் கணக்கு. முதல் பகுதி வந்த அன்றைக்கே மொத்த போனஸில் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியையும் பின்னால் வருவதையும் ஜனவரிக்கு என்று வேறு கணக்கில் போட்டுவிடுங்கள், பள்ளிக்கூடச் சீருடை, ஷூ, புத்தகம், டியூஷன் முன்பணம், காவடிச் செலவு எல்லாம் அதிலிருந்து. அந்தக் கால் பங்குதான் கிறிஸ்துமஸ். பல இடங்களில் டிசம்பர் சம்பளமும் பண்டிகைக்கு முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள், அப்படியானால் அடுத்த சம்பளம் வர ஆறு வாரம் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், அலுவலகத்துக்குச் செய்வதை வீட்டுக்கும் ஒரு தாளில் செய்யுங்கள்.

தவணை பற்றி ஒரே ஒரு பேச்சு. கடையில் மாதத் தொகையைத்தான் பெரிதாக எழுதி வைப்பார்கள். நீங்கள் ரொக்க விலையையும் மொத்தத் தொகையையும் கேளுங்கள். உதாரணத்துக்கு 20,000 ரூபாய் டிவி, மாதம் 1,150 வீதம் 24 மாதம் என்றால் 27,600. அந்த 7,600 ரூபாய்க்கு உங்கள் வீட்டில் ஒரு நல்ல கிறிஸ்துமஸ் விருந்தே வைக்கலாம். ஏற்கெனவே வாங்கின டிவியைப் பற்றி இப்போது அழ வேண்டாம், தவணை தப்பாமல் கட்டுங்கள், அது முடிகிறவரை புதிதாக ஒன்றும் தவணையில் வீட்டுக்குள் வர வேண்டாம், போன் உள்பட.

பையனிடம் இதை மறைக்காதீர்கள். “நம்மளால முடியாது” என்று மொட்டையாகச் சொன்னால் அவன் நம்ப மாட்டான், ஏனென்றால் போன வருஷம் டிவி வந்ததைப் பார்த்தவன். தாளை முன்னால் வையுங்கள். இதுதான் போனஸ், இது ஜனவரி, இது காவடி, இது மிச்சம், இதில் உனக்கு இவ்வளவு, மீதியை நீ எப்படிச் சேர்ப்பாய்? அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், இரண்டு நாள் பேச மாட்டான், அது நடக்கட்டும். வீட்டுக் கணக்கைப் பார்த்த பிள்ளைகள் தாங்களாகவே இரண்டாந்தர போனைத் தேடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

நாத்தனார் விஷயத்தை உங்கள் கணவர்தான் பேச வேண்டும், நீங்கள் இல்லை. அவருடைய கூடப்பிறந்தவர். நீங்கள் பேசினால் “அண்ணி கணக்குப் பார்க்கிறா” என்று ஆகும், வாழ்நாள் முழுக்க இருக்கும் அது. நவம்பரிலேயே, அவர் பிரான்ஸில் கடைக்குப் போகும் முன்னாலேயே, ஒரு போன்: “இந்த வருஷம் சீட்டுக் குலுக்கிப் போடலாம், ஆளுக்கு ஒருத்தர், ஒரே பரிசு, இவ்வளவு ரூபாய்க்குள்ள. பெரியவங்களுக்கு மட்டும். பிள்ளைங்களுக்கு நீ என்ன வேணும்னாலும் கொண்டு வா, ஆனா ஒண்ணு போதும்.” அவருக்கே அது நிம்மதியாக இருக்கலாம். வருஷம் முழுக்க அங்கே தனியாக இருந்து, பதினொரு மணி நேரம் பறந்து வருகிற மனுஷி, பெட்டி காலியாக இருந்தால் தன்னை மறந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவராகவும் இருக்கலாம். அவர் கொண்டு வருகிற சென்ட் பாட்டில்கள் உங்கள் அலமாரியில் திறக்காமல் இருக்கின்றன என்று பந்தயம் கட்டுவேன். 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் மாணவர்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டார்: வாங்கினவர் கொடுத்த விலையைவிட, கிடைத்தவர் அந்தப் பரிசுக்குப் போடுகிற மதிப்பு பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு. மாமா, அத்தை, தாத்தா பாட்டி கொடுக்கிற பொருள்களில்தான் இந்த நஷ்டம் அதிகமாம். பொருளாதாரக்காரர்களுக்குப் பாசம் கணக்கில் வராது, அது வேறு. ஆனாலும் உங்கள் பிள்ளைகளின் அத்தைக்கு அந்தப் பணத்தில் வேறு வழி உண்டு: மருமக்களை ஒரு நாள் தனியாக அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்கு, கூட ஒரு கூடை லெச்சிப் பழம்.

மாமியார் “நம்ம பண்டிகையே இல்லை” என்பதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் மனசுக்குள் அது உறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். லபூர்தொனே 1735இல் இந்தத் தீவுக்குப் பிரெஞ்சு ஆளுநராக வந்தார், அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் நம் தலைநகர் போர்ட் லூயியைக் கட்டினவர்களில் உண்டு. ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு வருஷம் முன்னால். தமிழர்களில் கத்தோலிக்கர்கள் இந்த மண்ணில் நேற்று முளைத்தவர்கள் இல்லை. இன்னும் கிட்டப் பாருங்கள்: சென்ட் குருவாவில் பிரெஞ்சு மிஷனரிக் குரு பெர் லவாலின் கல்லறை இருக்கிறது, அந்தப் பக்கத்திலேயே கைலாசம் கோவில், சொக்கலிங்கமும் மீனாட்சியும். செப்டம்பர் 8ஆம் தேதி ராத்திரி பெர் லவாலுக்கு மெழுகுவத்தி ஏற்ற நடந்து வருகிறவர்களில் எத்தனை பேர் நெற்றியில் திருநீறோடு வருகிறார்கள்! உங்கள் மாமியாரே போயிருப்பார், கேட்டுப் பாருங்கள். போயிருந்தால் மடக்க வேண்டாம், “அத்தை, அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கும் டிசம்பரில் ஒரு வேலை கொடுங்கள், கேக் மாவைக் கிண்டுவதோ விருந்துக்கு மசாலா அரைப்பதோ. சும்மா உட்கார வைத்தால்தான் பெரியவர்கள் குறை சொல்வார்கள்.

மாலுக்கே போகக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், குளிரூட்டி வேறு. ஒரு சாயங்காலம் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கார்டை வீட்டில் வைத்துவிட்டு. புது உடுப்புக்குக் கத்ர் போர்ன் சந்தை இருக்கிறது, வியாழனும் ஞாயிறும், பேரம் பேசலாம், பிள்ளைகளுக்கும் பேரம் பேசத் தெரிய வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவர். கடிதம் முழுக்க அவர் ஓர் ஓரமாகத்தான் வருகிறார். ஹோட்டலில் சமையல்காரர் என்றால் இருபத்து நான்காம் தேதி ராத்திரி வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விருந்து வைத்துவிட்டு, விடியற்காலையில் எண்ணெய் வாடையோடு வீட்டுக்கு வருகிறவராக இருப்பார். அவருக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஓவர்டைம். உங்கள் அம்மாவுக்கு இருந்த மாதிரி. டியூட்டிப் பட்டியல் போடும் முன்னாலேயே, இப்போதே, அவர் போய்க் கேட்க வேண்டும்: இருபத்து நான்கு ராத்திரி அல்லது இருபத்தைந்து மத்தியானம், இரண்டில் ஒன்று. இரண்டும் கிடைக்காவிட்டால் அவருக்கு லீவு விழுகிற முதல் நாளுக்கு விருந்தைத் தள்ளி வையுங்கள். அன்றைக்கு அவரை அடுப்புப் பக்கம் விடாதீர்கள், பையன் பிரியாணி கிளறட்டும், அடி பிடித்தாலும் எல்லோரும் சாப்பிடுங்கள்.